தடை தெரிந்தவள்

காதல் கதை என்றால் முதல் சந்திப்பில் மழை பெய்ய வேண்டும். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஓகஸ்ட் மாதத்து மன்னாரில் மழைக்கு எங்கே போவது... சோளகக் காற்று அடிக்கிற அடிக்கு மணல்தான் பெய்யும். ஆகவே அன்ரோனெற்றும் றொசாந்தனும் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்தபோது இரண்டு பேர் கண்ணிலும் மணல் இருந்தது. அவள் கண்ணில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? கீரிக் கடற்கரையில், வஸீர் நானாவின் விடுதிச் சாப்பாட்டுக் கொட்டிலுக்கு முன்னால், ஒரு ஸ்டூலில் ஏறி நின்று பலகையில் நீலப் பெயின்ரால் எழுதிக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். பின்னால் மீன் கொண்டுவந்த கூலர் லொறியின் சாரதி நின்று சிரிக்கிறான். வாய்க்குள் சிரித்தாலும் பரவாயில்லை... தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான்.

"என்ன சிரிப்பு?" அவள் திரும்பினாள்.

"ஒண்டுமில்லை. அந்தச் சொல்லு ஆர் சொல்லித் தந்தது?"

"கொம்பியூற்றர். செக் நாட்டுக்காரர் பதினாலு பேர் வருகினம், பட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு பலகையில நிண்டு அலைக்கு மேலால ஓட. அவையளுக்கு விளங்கட்டும் எண்டு எழுதுறன். டிலைற் எண்டு அடிச்சன். ரோஸ்கோஷ் எண்டு வந்தது. இப்ப உங்களுக்கு என்ன?"

"எனக்கொண்டுமில்லை. ஆனால்..." அவன் காதைச் சொறிந்தான். "அது கதவைப் பூட்டின அறைக்குள்ள சொல்லுற சொல்லு. சோறு போடுற இடத்தில அதை எழுதினால் வாற சனம் என்ன நினைக்கும்?"

அன்ரோனெற்றின் முகம் குப்பென்று சிவந்தது. ஆனாலும் தலையைக் குனிவாளா அவள்? துணியை எடுத்து அந்தச் சொல்லை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"சரி, பெரிய ஆள். நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

"தோப்ரோவ் ஹுச். ருசியாச் சாப்பிடுங்கோ எண்டு." அவன் பெயின்ர் தூரிகையை வாங்கிப் பலகையில் எழுதிக் கொடுத்தான். அழகான எழுத்து. "அங்க ஆறு வருசம் இருந்தனான். நான் றொசாந்தன், ஊர் பேசாலை. த்யெஷி ம்ன்யெ."

"அது என்ன?"

"புது ஆளைக் கண்டால் சொல்லுறது. உங்களைக் கண்டது எனக்குச் சந்தோஷம் எண்டு. நீங்களும் திருப்பிச் சொல்லவேணும்."

"எனக்குச் சந்தோஷமில்லை. பிறகென்னத்துக்குச் சொல்லுறது?"

அவன் மறுபடியும் சிரித்தான். இந்த முறை தோள் குலுங்கவில்லை, கண் மட்டும் சிரித்தது. மணலில் சிவந்த கண்... கறுத்த இமை... இதையெல்லாம் நான் ஏன் பார்க்கிறேன் என்று அன்ரோனெற் தன்னைத் தானே அதட்டினாள்.

அதட்டக் காரணம் இருந்தது. முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை, வங்காலைக் கத்தோலிக்கக் கோவிலில் அவளுடைய கலியாண அறிவித்தல் முதல் தடவை வாசிக்கப்பட்டிருந்தது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் என்பது முறை. மாப்பிள்ளை கனடாவில். ஆறு மாதத்துக்கு முன் அப்பா அமிர்தநாயகம், "பொடியன் நல்ல பொடியன், நான் வாக்குக் குடுத்திட்டன்" என்று சொல்ல, அவள் "ஓம்" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி ஒரு ஓம். கோவில் கந்தோரில் கையெழுத்தும் வைத்தாயிற்று. மாப்பிள்ளை மூன்று தடவை தொலைபேசியில் பேசினார். மூன்று தடவையும் விசாக் கடுதாசிகளைப் பற்றித்தான். கெட்ட மனிதர் இல்லை... என்ன, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலையும் லொறி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. மீன் இறக்கி முடிந்ததும் குசினிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த மீன்பெட்டிகளில் இருவரும் எதிரெதிரே இருப்பார்கள். கையில் பிளேன்ரீக் கோப்பை. அவள் மடியில், செக் மொழியில் பலகைகளுக்கு எழுதச் சொல்லி வஸீர் நானா கொடுத்த ஆங்கிலத் தாள். அதில் எங்கே பார்த்தாலும் என்ஜோய், ஃபன், பிளெஷர், ஜோய்... விருந்தாளிகள் சந்தோஷப்பட வேண்டியவற்றை நானா இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

"ஃபன் எண்டால் ஸாபவா. கனபேர் கூடிக் கும்மாளம் போடுறது," என்பான் றொசாந்தன். "பொஹொதா எண்டு ஒண்டிருக்கு. அதுக்கு இங்கிலீசில சொல்லே இல்லை. ஒரு அவசரமுமில்லை, ஒருத்தரும் கூப்பிடமாட்டினம், காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கிற சுகம்."

"ஓ, எங்கட அப்பான்ர ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்."

"அம்மான்ர?"

அன்ரோனெற் யோசித்துப் பார்த்தாள். அம்மா றோஸ்மேரி கால் நீட்டி இருந்து அவள் கண்டதே இல்லை. அந்தக் கேள்வியை இருபத்தாறு வயதுவரை தான் கேட்டதுமில்லை என்பது அவளுக்குச் சுருக்கென்றது.

"என்ஜோய்க்கு என்ன சொல்லு?" என்று பேச்சை மாற்றினாள்.

"பவீ ம்ன்யெ தொ. ஒரு வேலையைச் செய்யேக்க மனம் தானா விரியுமே, அது. இப்ப நீங்கள் சொல்லுங்கோ, உங்களுக்கு எதில அப்பிடி?"

"எனக்கோ..." அவள் வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை. மூடினாள்.

"பாத்தீங்களோ. எனக்கும் இப்பிடித்தான் நடந்தது." அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஆறு வருசம் கார்க் கதவுக்கு ரப்பர் பூட்டினனான். ஒருநாள் பக்கத்தில வேலை செய்த மனிசன் கேட்டான், உனக்கு இது சந்தோஷமா இருக்கோ எண்டு. சும்மாதான் கேட்டான். எனக்கு வாய் வரேல்ல. அடுத்த மாசம் ரிக்கற் எடுத்து வந்திட்டன்."

"அங்க பிடிச்சுத் திருப்பி அனுப்பினதெண்டெல்லோ ஊரில கதைக்கினம்."

"கதைக்கட்டும். தானா வந்தவன் எண்டால் விசரன் எண்டுவினம். அதுக்கு இது பறவாயில்லை."

ஐரோப்பாவைக் கையால் தள்ளிவிட்டு வந்து, ஐஸ்கட்டி சுமக்கிறான். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை... திமிர் பிடித்தவன் என்று நினைத்தாள். அந்தத் திமிர் தனக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்றும் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை, அவன் லொறிக் கதவைத் திறக்குமுன்பே அவள் சொன்னாள். "பதில் இருக்கு."

"என்ன பதில்?"

"நான் வங்காலையில இருந்து பாலத்தால ஸ்கூட்டியில வாறனான். ரெண்டு பக்கமும் கடல். காத்து ஸ்கூட்டியைப் பிடிச்சுத் தள்ளும். அப்ப நான் சத்தம்போட்டுச் சிரிப்பன். ஒருத்தருக்கும் கேக்காது. அது எனக்குப் பிடிக்கும். பிறகு... இந்தச் சொல்லுகள் தேடுறது பிடிக்கும்." இன்னும் ஒன்று தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"சொல்லுகள் மட்டுந்தானோ?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிளேன்ரீ ஆறிப்போனது.

எல்லாம் திங்கட்கிழமை உடைந்தது.

அவன் இறங்கி வந்து பெட்டியில் இருக்கவில்லை. லொறியில் சாய்ந்துகொண்டு நின்றான். "நேத்து சிநேகிதன்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம். உங்கட கோவிலுக்கு வந்தனான். அறிவித்தல் வாசிச்சவை. கேட்டன்."

அன்ரோனெற்றின் கையிலிருந்த தாள் காற்றில் படபடத்தது. "சொல்லவேணும் எண்டுதான்..."

"வாழ்த்துக்கள்."

"அது நான் உங்களைக் காணுறதுக்கு முன்னம் சொன்ன ஓம்."

"முன்னமோ பின்னமோ, ஓம் எண்டால் ஓம்தானே. இன்னொருத்தன்ர பேரோட சேத்து வாசிச்ச பிள்ளையோட இருந்து சந்தோஷத்துக்குச் சொல்லுத் தேடுறது எனக்குச் சரிவராது. எனக்கும் ஒரு மரியாதை இருக்கு. மிச்சத்தைக் கொம்பியூற்றரைக் கேளுங்கோ."

லொறி போய்விட்டது. மறுநாளிலிருந்து வேறொரு சாரதி வந்தார். நல்ல மனிதர், வெற்றிலை போடுவார், செக் தெரியாது.

அன்ரோனெற் அழுதாளா? அழுதாள். பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு நாள்தான். அடுத்த நாள் அழுகை போய் ஆத்திரம் வந்தது. அப்பா வாக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை கடுதாசி நிரப்பினார். இப்போது இந்த மகாராசா வந்து, தன் மரியாதைக்காகத் தானே முடிவெடுத்துவிட்டுப் போகிறார். என்னை ஒருவராவது கேட்டார்களா? என் வாழ்க்கையில் எல்லோருக்கும் ஒரு சொல் இருக்கிறது... எனக்குத்தான் இல்லை. அந்த ஆத்திரத்தோடேயே மற்றப் பலகைகளை எழுதி முடித்தாள். வாசல் பலகை மட்டும் வெறுமையாக நின்றது. அதில் எழுத வேண்டியது, உங்களைக் கண்டது சந்தோஷம் என்ற வரி. மனதில் இல்லாததை எழுதமாட்டேன் என்று வஸீர் நானாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். நானா தாடியைத் தடவிக்கொண்டு, "ஞாயிறு பின்னேரம் ஆக்கள் வந்திருவாங்க, பிள்ளை" என்றார்.

வெள்ளி இரவு சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். "அப்பா, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டால்?"

அமிர்தநாயகம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ரெண்டு தரம் வாசிச்சாச்சு. இனி என்ன வேண்டாம்? ஊரில தலை காட்டுறேல்லையோ?"

அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குசினியில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மூன்றாவது ஞாயிறு. கோவில் நிறையச் சனம். பூசை முடிவில் பங்குச் சுவாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடுதாசியை விரித்தார். வங்காலைப் பங்கைச் சேர்ந்த அமிர்தநாயகம், றோஸ்மேரி ஆகியோரின் மகள்... மூன்றாம் அறிவித்தல்... கடைசியில் அந்த வழமையான வாக்கியம். "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

எத்தனை வருடமாக அந்த வாக்கியத்தைக் கேட்டு வந்திருக்கிறது அந்தச் சனம். ஒருவரும் எழும்பியதில்லை. எழும்புவார்கள் என்று சுவாமியும் எதிர்பார்த்ததில்லை. கடுதாசியை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்ரோனெற் எழுந்து நின்றாள்.

"சுவாமி, எனக்கு ஒரு தடை தெரியும்."

முன்வரிசை திரும்பியது. பின்வரிசை எட்டிப் பார்த்தது. சுவாமி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "பிள்ளை... இது உம்முடைய அறிவித்தல்" என்றார்.

"ஓம் சுவாமி. அதாலதான் எனக்குத் தெரியும். பொம்பிளைக்கு விருப்பமில்லை. நான் முதல்ல சொன்ன ஓம் யோசிக்காமல் சொன்னது. அது என்ர பிழை. மாப்பிள்ளையில ஒரு பிழையுமில்லை, அவரிட்ட நானே கதைச்சு மன்னிப்புக் கேப்பன். ஆனால் பீடத்துக்கு முன்னால வந்து பொய் சொல்லமாட்டன்."

ஒரு குழந்தை இருமியது. சுவாமி கடுதாசியை நாலாக மடித்து அங்கியின் பைக்குள் வைத்தார். "கேட்ட பிறகு பதில் சொன்ன பிள்ளையை நான் குறைசொல்லேலாது," என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அமிர்தநாயகம் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ர தலையை இறக்கிப்போட்டாய்," என்றார். அவளுக்கு நெஞ்சு வலித்தது. வலித்தாலும் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கத் தோன்றவில்லை.

அம்மா பக்கத்தில் வந்தார். கைப்பையைத் திறந்து ஸ்கூட்டித் திறப்பை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "வேலைக்குப் போ. ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு போ, பாலத்தில பொலிஸ் நிக்கும். அப்பாவை நான் பாக்கிறன்." அமிர்தநாயகம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். றோஸ்மேரியும் அவரைப் பார்த்தார். முதலில் கண்ணை எடுத்தது அமிர்தநாயகம்தான்.

பாலத்தில் காற்று ஸ்கூட்டியைத் தள்ளியது. கோவிலுக்குக் கட்டிய சேலை படபடவென்று அடித்தது. இரண்டு பக்கமும் கடல்... நடுவில் அவள். அழுதுகொண்டே சிரித்தாள், சத்தம் போட்டு.

கீரியில் லொறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மற்றச் சாரதிக்கு லீவு. றொசாந்தனே ஐஸ்பெட்டியோடு குனிந்திருந்தான். சேலையோடு வருகிறவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"இண்டைக்கு மூண்டாம் வாசிப்பெல்லோ," என்றான்.

"வாசிச்சவை. தடை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ எண்டினம். எனக்குத் தெரியும் எண்டு எழும்பிச் சொன்னன்."

பெட்டி அவன் கையிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. "எனக்காகவோ?"

"உங்களுக்காக இல்லை. பெரிய நினைப்பு. எனக்காக." அவள் ஹெல்மெற்றைக் கழற்றினாள். முகம் முழுக்க மணல், கண்ணீர் ஓடிய இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. "உங்களுக்குச் சொல்ல வேற ஒண்டிருக்கு. எனக்குச் சந்தோஷம் தாறதெல்லாம் கேட்டனீங்கள். ரெண்டு சொன்னன். மூண்டாவதை விழுங்கிப்போட்டன். அது காலமை பிளேன்ரீயும் எதிர்ப்பெட்டியில இருக்கிற ஆளும். அந்த ஆளுக்குக் கொஞ்சம் திமிர். பறவாயில்லை, எனக்கும் இருக்கு."

றொசாந்தனின் கண் கலங்கியிருந்தது. மணல் என்று சொல்லித் தப்பலாம், ஆனால் அப்போது காற்று அவன் முதுகுப் பக்கமிருந்து அடித்தது.

அவள் வாசல் பலகைக்குப் போய்த் தூரிகையை எடுத்தாள். திரும்பி அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"த்யெஷி ம்ன்யெ."

"காத்து இரையுது... கேக்கேல்ல. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"ஒரு கோவிலுக்கே கேட்டுது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது," என்றான் அவன். "நான் முதல்நாளே சொன்னனான், அன்ரோனெற். அண்டைக்கும் பழக்கத்துக்குச் சொல்லேல்ல. நீங்கள் திருப்பிச் சொல்லுவீங்களோ எண்டுதான் ரெண்டு கிழமையாப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் திரும்பிப் பலகையில் அதையே எழுதத் தொடங்கினாள். காற்றில் பலகை ஆடியதில் முதல் எழுத்துக் கோணியது. அவன் வந்து பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டான்.