சேற்றில் நட்ட குச்சிகள்

ஓடையில் தண்ணீர் இல்லை. கோதைக்கு அது விளங்கவே இல்லை.

கடல் ஏற்றம் காலை எட்டு மணிக்கு என்று பட்டியல் சொன்னது. மணி எட்டு. ஆனால் அவளும் தம்பி சாரங்கனும் உட்கார்ந்திருந்த வாடகைப் படகு, அலையாத்தி மரங்களுக்கு நடுவே, கறுத்த சேற்றில் தரைதட்டி நின்றது.

"அக்கா, இந்திய நேரத்தப் பாத்துட்டியா?" என்றான் சாரங்கன். அவளுடைய கைப்பேசியில் குன்னூர் நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் மறுபடி பார்த்தாள். ஃபுளோரிடா நேரம்தான். தேதியும் சரி. நேற்று அமாவாசை, ஏற்றம் வலுவாக இருக்க வேண்டிய நாள்.

மாரிசோல் பீச் என்ற அந்தச் சிறிய கடலோர ஊருக்கு அவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்ததே படகு போகும் வழியைப் பார்த்துவைக்கத்தான். அன்று மாலை அப்பாவும் அம்மாவும் வந்து சேருவார்கள். மறுநாள் சனிக்கிழமை மட்டும்தான் கையில் இருந்தது. ஞாயிறு விடிந்தால் இருவருக்கும் ஊர் திரும்பும் விமானம். குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை மேலாளராக இருந்த அப்பாவுக்குக் கோல்ஃப் என்றால் உயிர். எந்த ஊருக்கு விடுமுறை போனாலும் அவர் மைதானத்தில் இருப்பார். அம்மா அலமேலு மைதானத்து விடுதியில் ஆறிய காபியோடு காத்திருப்பாள். இந்த முறை அம்மா வாய்விட்டு ஒன்று கேட்டிருந்தாள். விரிகுடாவின் உட்புறத் தீவில் கூடு கட்டும் ரோஜா நிறக் கரண்டிவாயன் பறவைகளைப் பார்க்க வேண்டும்.

தீவுக்கு ஏற்றத்தில்தான் படகு போகும். மைதானத்திலோ சனிக்கிழமை காலை ஏழு மணி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. வேண்டுமா வேண்டாமா என்று அன்று நண்பகலுக்குள் சொல்லிவிட வேண்டும். காலை ஏற்றத்தில் படகு என்றால் அப்பாவுக்கு ஆட்டம் இல்லை. ஆட்டம் என்றால் அம்மாவுக்கு மறுபடி ஆறிய காபி. அப்பாவிடம் ஆட்டத்தை விடச் சொல்லிவிடலாம் என்றுதான் கோதை எண்ணியிருந்தாள். இப்போது படகே நகரவில்லை.

சாரங்கன் இறங்கித் தள்ளப் பார்த்தான். முதல் அடியிலேயே தொடைவரை புதைந்தான். கோதை துடுப்பை நீட்ட, அவன் அதைப் பற்றிக்கொண்டு ஒரு செருப்பைச் சேற்றுக்குக் காணிக்கையாக விட்டுவிட்டு ஏறினான். கணுக்காலில் சிப்பி கீறி ரத்தம்.

தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது, மாலைவரை இங்கேயே கிடக்கப் போகிறோம், இப்போதே சேற்றைக் கடந்து நடந்துவிடலாம் என்று அவன் அவசரப்படுத்தினான். கோதைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் ஒன்று தெரியாமல் இறங்க அவள் தயாராக இல்லை.

"வடியுதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"பின்ன என்ன, ஏறுதா?"

"பாத்துருவோம். பாக்கெட்ல என்னடா வெச்சிருக்க?"

அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி மரக்குச்சிகளை எடுத்தான். கோல்ஃப் பந்தைத் தூக்கி வைத்து அடிப்பதற்கான விரல்நீளக் குச்சிகள். பாதி உடைந்தவை. ஆட்டம் முடிந்தால் உடைந்த குச்சியைக்கூடப் புல்லில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. முந்தின நாள் மைதானத்தைப் பார்க்கப் போன மகன், அடுத்தவர்கள் உடைத்துப் போட்டதையும் சேர்த்துப் பொறுக்கிவந்திருந்தான்.

கோதை படகிலிருந்து எட்டி, தண்ணீர் சேற்றைத் தொடும் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்தினாள். அதற்குமேல், சரிவில் சற்றுத் தள்ளித் தள்ளி இன்னும் சில. பிறகு இருவரும் அசையாமல் பார்த்தார்கள். சிறிய நண்டு ஒன்று முதல் குச்சியைச் சுற்றிவந்து சோதித்துவிட்டுப் போனது.

முதல் குச்சி நனைந்தது. பிறகு மூழ்கியது. இரண்டாவதும் நனைந்தது.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது!

அப்போதுதான் கோதைக்குக் காலையில் பாலத்தடியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கடலையும் விரிகுடாவையும் சேர்க்கும் ஒரே வழி அந்தக் குறுகிய வாய்தான். அங்கே தூண்டில் போட்டிருந்தவர்களின் நரம்புகள் எல்லாம் விரிகுடாவை நோக்கியே இழுபட்டுச் சாய்ந்திருந்தன.

அவள் படபடவென்று விளக்கத் தொடங்கினாள். குறுகிய வாயுள்ள குடத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால், தொட்டி நிறைந்திருந்தாலும் குடம் உடனே நிறையாது; குடுகுடுவென்று சத்தம் போட்டுக்கொண்டு அதன் பாட்டுக்கு நிரம்பும். கடல் தொட்டி, விரிகுடா குடம். வெளியே கடல் உச்சத்துக்கு ஏறி நிற்கும்போது உள்ளே இப்போதுதான் நிரம்பத் தொடங்குகிறது. பட்டியலை எழுதியவர்கள் அளந்தது வெளிக் கடற்கரையில்.

"அப்ப குடம் எப்ப நிறையும்?" என்றான் சாரங்கன்.

அதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் மைதானத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

படகு லேசாக ஆடியது. பிறகு மிதந்தது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே நீரோட்டம் அவர்களைப் பிடித்து உள்ளே இழுத்தது. வளைவு ஒன்றில் படகின் முனை வேரில் மோதித் திரும்ப, சாரங்கன் துடுப்பால் தள்ளி நிமிர்த்தினான். அடுத்த திருப்பத்தில் ஓடை அகன்றது. எதிரே தீவு. பச்சைக் கிளைகள் முழுக்க ரோஜா நிறம். கரண்டி போன்ற அலகுகள். குஞ்சுகளின் ஓயாத கீச்சொலி. சாரங்கன் தன் செருப்பை மறந்தான்.

கூடுகளைக் கலைக்காத தூரத்தில் படகை ஒரு வேரில் கட்டி, கோதை தீவுக்கு எதிரே இருந்த கரைச் சரிவில், பிடுங்கிவந்த குச்சிகளை மீண்டும் நட்டாள். நேரம் நகர்ந்தது. பறவையைப் பார்ப்பாள், குச்சியைப் பார்ப்பாள், கைப்பேசியைப் பார்ப்பாள். பதினொன்றரைக்கும் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"நிக்கவே நிக்காதாட்ட இருக்குதுக்கா. சும்மா ஏதாவது ஒண்ணச் சொல்லீரு."

"தப்பாச் சொன்னா அம்மா சேத்துல உக்காந்திருப்பா. இரு."

பன்னிரண்டை நெருங்கும்போது, கடைசிக் குச்சியின் அடியைத் தொட்ட தண்ணீர் அங்கேயே நின்றது. மிதந்து வந்த இலை ஒன்று எந்தப் பக்கமும் போகாமல் நின்ற இடத்தில் சுழன்றது. கோதை மைதானத்தின் எண்ணுக்கு அழைப்பை அழுத்தினாள். அவள் பேசி முடிப்பதற்குள் சாரங்கன் எட்டி எட்டிக் குச்சிகளை எல்லாம் பிடுங்கி, கழுவி, பையில் போட்டுக்கொண்டான்.

மாலையில் விமான நிலைய வாசலில் பெட்டிகளை ஏற்றும் முன்பே அப்பா கேட்டார்: "நாளைக்கு ஆட்டமா, படகாம்மா?" அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுந்தாம்ப்பா," என்றாள் கோதை. "பட்டியல்ல போட்டிருக்கறது கடற்கரை ஏற்றம். விரிகுடாவுக்கு அதோட நாலு மணி நேரம் கூட்டிக்கணும். நாளைக்குப் பட்டியல்ல ஒம்பது. அப்ப உள்ள ஒரு மணி. காலைல ஏழுக்கு உங்களுக்கு கோல்ஃப். பன்னண்டுக்கு அம்மாவுக்குப் படகு. துடுப்பு நீங்க போடறீங்க."