மணிக்கட்டில் கட்டிய கயிறு

மாமா படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார் என்று தெரிந்ததும், கையில் கிடைத்த துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. என் அக்காவை அவர் பார்த்துக்கொண்ட விதத்துக்கு, நான் போகாமல் வேறு யார் போவது?

போய் இறங்கியபோது மதியம். ஆனால் மழைக்கு முந்தைய இருட்டு தெரு முழுக்க இறங்கியிருந்தது. கீழ்வீட்டு டெய்லரம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"வாலு, நீயாடி? ஆளே அடையாளம் தெரியலையே! நல்லவேளை வந்தே. சும்மா சொல்லக்கூடாது, பொண்டாட்டியை உங்க மாமா மாதிரி தாங்கின ஆம்பளை இந்தத் தெருவுலயே கிடையாது. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, எனக்குத் தலைவலின்னா தனக்குக் காய்ச்சல்னு படுத்துக்கும்."

"அதான் வந்துட்டேனே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

வாலு என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போவேனாம்.

ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு அது. தெருப் பக்கம் படுக்கையறை, அடுத்து ஹால், பிறகு ஒரு நடை, கடைசியில் சமையலறை. முன்னால் நின்று கத்தினால் பின்னால் கேட்காது. அக்காவால் கத்தவும் முடியாது. அவளுக்கு வந்த நரம்பு நோய் முதலில் கால்களை எடுத்தது, பிறகு பேச்சை எடுத்தது. வலது கையை மட்டும் விட்டுவைத்தது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தேன்.

அப்போது கட்டியதுதான் அந்தக் கயிறு. அக்காவின் கையிலிருந்து புறப்பட்டு, சுவரில் அடித்த வளையங்கள் வழியாக, ஹாலையும் நடையையும் தாண்டிச் சமையலறைக்கு வரும். மறுமுனையில் ஒரு பித்தளை மணி. தூங்கும்போது மட்டும் மணியை அவிழ்த்துவிட்டு, அந்த முனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொள்வேன். வெடுக்கென்று இழுத்தால் தண்ணீர் வேண்டும். நீளமாக இழுத்தால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்ப்பதுபோல, இழுத்தாளா இல்லையா என்று சந்தேகம் வரும்படி லேசாக இழுத்தால், ஒன்றும் வேண்டாம், சும்மா வா. இந்தக் கடைசி இழுப்பு எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். நானும் பதிலுக்கு ஒரு தடவை இழுப்பேன். வர்றேன் என்று அர்த்தம். பதிலுக்கு இழுத்துவிட்டு நான் போகாமல் இருந்ததே இல்லை.

"இது வீடா, ஐஸ் வண்டியா?" என்று மாமா அந்த மணியைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். ஒருநாள் கேமரா வாங்கி வந்து அக்காவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்.

"அவ கையைத் தூக்கினா போதும், என் போன் சத்தம் போடும். உலகம் எங்கேயோ போயிடுச்சு, நீ இன்னும் கிணத்துல தண்ணி இறைக்கிறவ மாதிரி கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. வீட்டுக்குப் போ வாலு. விட்ட படிப்பைப் படி. இனிமே இவ என் பொறுப்பு."

என் மேல் அப்படி அக்கறைப்பட்டு யாரும் பேசியதில்லை. நான் கிளம்பும்போது அக்கா என் கையை விடவே இல்லை. மாமாதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார், சிரித்துக்கொண்டே. மணியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் அவரே போன் செய்தார். "தூக்கத்துலயே போயிட்டா வாலு. ஒரு சத்தம் இல்லை. நிம்மதியா போயிட்டா."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் நான் தூங்கினேன்.

மாமா அதே படுக்கையறையில் ஜன்னலோரம் படுத்திருந்தார். அக்காவின் கட்டிலை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். அது நின்ற இடத்தில், கால்கள் அழுத்திய நான்கு பள்ளங்கள் மட்டும் தரையில் இருந்தன. அறையில் தைல நாற்றம். அதற்கு அடியில் இன்னொரு வாசனை. அக்காவின் முதுகில் புண் வராமல் இருக்க நான் போட்டுவிடும் பவுடர்.

எதிர்ச் சுவரில் கேமரா. அதன் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"ஏன் மாமா அதை மூடி வச்சிருக்கீங்க?"

"கண்ணு கூசுது."

அதில் வெளிச்சமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டதால் ஒயர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அலமாரிக்குள் ஏதோ முனகியது. துணிகளுக்கு அடியில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல.

"உங்க போனா மாமா?"

"எடுக்காதே."

அதற்குள் எடுத்துவிட்டேன். திரையில் ஒரே ஒரு வரி. அறையில் கை அசைவு. அதற்குக் கீழே அதே வரி. தள்ளத் தள்ள அதே வரி.

"பிளக்கைப் பிடுங்கிட்டேன் வாலு. அப்பவும் வருது." அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அதை எங்கேயாவது தூரமா வை. எனக்குப் போனும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் பழைய கயிறைக் கட்டிக் கொடு, கூப்பிடணும்னா இழுக்கிறேன்."

அக்காவின் நினைவில் கேட்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

வளையங்கள் பெயின்ட் பூசிய சுவரில் அப்படியே இருந்தன. துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து ஒவ்வொன்றிலும் கோத்தேன். முதல் வளையம் அக்கா படுத்திருந்த பக்கம் இருந்தது. அங்கிருந்து இழுத்து வந்து ஒரு முனையை மாமாவின் கட்டில் கம்பியில் முடிச்சுப் போட்டேன். மணி இல்லாததால் மறுமுனையைச் சுருக்காக்கி என் இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, சமையலறையில் பால் காய்ச்ச நின்றேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பால் ஓரத்தில் நுரை கட்டியது.

கயிறு அசைந்தது.

லேசாக. மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

என் வலது கை பழக்கத்தில் கயிற்றைப் பிடித்துவிட்டது. பதிலுக்கு இழுக்கப் போய், நிறுத்திக்கொண்டேன். அடுப்பை அணைத்தேன். சுருக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு படுக்கையறைக்கு ஓடினேன்.

"என்ன மாமா, கூப்பிட்டீங்களா?"

"இல்லையே."

"இழுத்தீங்களே."

"நான் அதைத் தொடவே இல்லை." அவருடைய இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன.

"அக்கா இழுக்கிற மாதிரியே இருந்துச்சு மாமா. ஒண்ணும் வேணாம், சும்மா வான்னு கூப்பிடுவா. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்."

அவர் முகம் வெளுத்தது. "அவிழ்த்துடு."

"ஏன்?"

"அவிழ்த்துடுன்னு சொல்றேன்ல!"

"அக்கா தூக்கத்துலதானே மாமா போனா?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"மாமா."

"கேமரா நல்லாத்தான் வேலை செஞ்சுது" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டே. "போனும் சத்தம் போட்டுச்சு. சாப்பிட உட்கார்ந்தா போடும். கண்ணை மூடினா போடும். நானும் மனுஷன்தானே வாலு? சத்தத்தைக் குறைச்சேன். அப்புறம் சுத்தமா நிறுத்திட்டேன். அன்னிக்குப் போன்ல தெரிஞ்சா. கையைத் தூக்கினா. கீழே போட்டா. மறுபடி தூக்கினா. கொஞ்ச நேரம் கழிச்சுப் போய்க்கலாம்னு கவுத்து வச்சுட்டேன்."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"ஹால்ல."

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து அறை. நடுவில் ஒரு கதவு, அதுவும் சாத்தாத கதவு.

"அவ கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை வாலு. என்னைத் தேடவே இல்லை. கேமராவைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தா." எச்சிலை விழுங்கினார். "நீ போனதுலேர்ந்து அவ சரியா சாப்பிடலை. அதனால அவகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன். உன் தங்கச்சி போன்லயும் நீ தெரியுறே, அவ அங்கேயிருந்து உன்னைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கான்னு. ஆறுதலா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

"என்கிட்ட இருந்தது பட்டன் போன் மாமா. அதுல எப்படித் தெரியும்?"

"அது அவளுக்குத் தெரியாதே."

அப்படியென்றால் அக்கா கையைத் தூக்கியது அவரைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து. நான் பார்த்துக்கொண்டே சும்மா இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் போயிருக்கிறாள்.

அப்போதுதான் கவனித்தேன். கட்டில் கம்பியில் நான் போட்ட முடிச்சு இல்லை.

கயிறு முதல் வளையத்திலிருந்து நேராக இறங்கியிருந்தது. அந்த நான்கு பள்ளங்களுக்கு நடுவே, படுத்திருப்பவர்களின் கை உயரத்தில், தரையைத் தொடாமல் விறைப்பாக நின்றது.

யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை.

"அக்கா" என்றேன். குரல் வரவில்லை. மறுபடி சொன்னேன். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. என்கிட்ட எதுவும் வரலைக்கா. பார்த்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

கயிறு அசையாமல் இருந்தது. யோசிப்பதுபோல இருந்தது.

பிறகு மெல்ல அசைந்தது.

வீட்டின் கடைசியில், சமையலறையில், பழைய இரும்புக்காரன் என்றோ எடுத்துப்போன பித்தளை மணி ஒரு தடவை ஒலித்தது.

மாமா போர்வையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். நான் பையை எடுத்தேன். கேமராவின் மேலிருந்த துண்டையும் எடுத்துவிட்டேன்.

"வாலு, போகாதேம்மா. வாலு!"

வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கியிருந்தார்.

கீழே டெய்லரம்மா வாயில் நூலோடு நிமிர்ந்தாள். "இப்பத்தானேடி வந்தே? மழையில எங்கே கிளம்பிட்டே? மாமா தனியா இருப்பாரே?"

"தனியா இல்லை ஆன்ட்டி" என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும் என்று நினைத்தேன்.

இன்னும் மறையவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, பட்டப்பகலில் பத்துப் பேர் நடுவே நிற்கும்போது, வெறும் மணிக்கட்டு தானாக ஒரு பக்கம் திரும்புகிறது. லேசாக. ஒன்றும் வேண்டாம், சும்மா வா.

நான் சொன்னதை அவள் நம்பினாளா, தெரியவில்லை. நம்பியிருந்தால் இன்னும் எதற்குக் கூப்பிடுகிறாள்? நம்பவில்லை என்றால் எதற்கு இவ்வளவு மெதுவாகக் கூப்பிடுகிறாள்?

ஒவ்வொரு தடவையும் என் வலது கை எழுந்து, அங்கே இல்லாத கயிற்றைப் பிடிக்கப் போகிறது. அதை மடியில் வைத்து அழுத்திக்கொள்கிறேன்.

பதிலுக்கு நான் இன்னும் இழுக்கவில்லை.