இடது பாக்கெட்

அப்பா வேலை பார்த்த நூலகத்தில் எல்லோரும் அவரை ‘துரை’ என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அவ்வளவு மிடுக்காக நடப்பார்.

அந்த மிடுக்கின் ரகசியம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது முழங்காலின் பலத்தைக் கொண்டுபோய்விட்டது. அடி வைக்கும்போதெல்லாம் பாக்கெட்டுக்குள் இருக்கும் கை தொடையை அழுத்திப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் முழங்கால் மடங்கிவிடும்.

ஆனால், மாடியிலிருந்து புத்தகங்களைக் கொண்டுவர இரண்டு கையும் வேண்டுமே! அந்த வருடம் மூன்று முறை படியில் விழுந்தார்.

“இன்னொரு தடவை விழுந்தா மாடிப் பக்கமே போகக்கூடாது. வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கோங்க” என்று நூலகர் சொல்லிவிட்டார்.

புத்தகங்களை விட்டுவிட்டு வாசலிலா? அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அங்கே பலமில்லாத காலைத் தாங்கும் காலிப்பர் பொருத்தும் அக்கா, கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். மேஜைமேல் கறுப்பாக ஒரு கருவி.

“இது கம்ப்யூட்டர் காலிப்பர். எல்லாருக்கும் தேவைப்படாது. தேவையான்னு பார்த்துத்தான் எழுதிக் கொடுக்கணும். நடங்க சார்.”

அப்பாவின் இடுப்பில் பெல்ட் கட்டி, பின்னால் பிடித்துக்கொண்டார். அப்பா வழக்கம்போல் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நடந்தார். படி ஏறினார், இறங்கினார். சாட்சாத் துரைதான்!

“பிரமாதம்! எப்பவாவது விழுந்திருக்கீங்களா?”

“நானா? சேச்சே!”

பாவம் அப்பா. காலை மறைத்தே பழகியவர், காட்ட வேண்டிய இடத்திலும் மறைத்துவிட்டார்.

அக்கா பென்சிலை உருவினார். ‘தேவையில்லை’ என்று எழுதப்போகிறார்! அப்பா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லலாம். ஆனால் அவர் முகம் என்ன ஆகும்?

பள்ளிப்பையைத் திறந்தேன்.

“அக்கா, வேலையில அப்பா வெறுங்கையோட நடக்க மாட்டார். இந்த ஆறு புத்தகத்தையும் தூக்கிட்டு நடக்கச் சொல்லுங்களேன்.”

“வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்” என்று அப்பா முணுமுணுத்தார்.

ஆனாலும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். இரண்டாவது படியில் முழங்கால் மடங்கியது. அக்கா பெல்ட்டை இறுக்கிப் பிடித்தார். புத்தகங்கள்தான் உருண்டன.

அப்பா தலை குனிந்தார். அக்காவோ வியந்துபோய் நின்றார்.

“இத்தனை வருஷமா உங்க கையே காலிப்பரா வேலை செஞ்சிருக்கு சார்! எனக்கே தெரியல பாருங்க!”

முதலில் சாதாரணக் காலிப்பரை மாட்டினார். தரையில் சரியாக இருந்தது. படியில் கால் மடங்காமல் விறைத்து நின்றது.

“கால்ல ஏணியைக் கட்டின மாதிரி இருக்கு” என்றார் அப்பா.

அக்கா அவர் இடுப்பின் பலத்தைச் சோதித்தார். “நல்ல பலம். இது இருந்தாத்தான் கம்ப்யூட்டர் காலிப்பரும் உதவும்.”

அதைப் போட்டுக்கொண்டு அப்பா முதலில் கைப்பிடியைப் பிடித்துப் பழகினார். பிறகு ஆறு புத்தகங்களோடு இறங்கினார். முழங்கால் அவர் எடையைத் தாங்கியபடியே மெதுவாக மடங்கியது. ஒரு புத்தகம்கூட நழுவவில்லை.

“கை எங்கேப்பா?” என்றேன்.

“வேலையா இருக்கும்மா” என்று சிரித்தார்.

படிவத்தில் ‘ஏன் தேவை?’ என்ற இடத்தில் அக்கா எழுதினார்: ‘இரண்டு கையிலும் புத்தகங்களோடு படி இறங்குபவர். கண்டுபிடித்தது மகள்.’

அந்தத் தாளின் நகலை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசிவரை அவருடைய இடது பாக்கெட்டில் கை இருக்கவில்லை, அந்தத் தாள்தான் இருந்தது.

இப்போது அது என் பாக்கெட்டில் இருக்கிறது.