மெயினை இறக்கிய வீடு

மெயின் சுவிட்ச் இறங்கித்தான் இருந்தது. இருந்தும் பிரிட்ஜ் கதவு ஷைலாவின் விரலைச் சுருக்கென்று கடித்தது.

முதல் தடவை கடித்தபோதே அவள் மெயினை இறக்கிவிட்டாள். கரண்டு கசிந்தால் தானாக விழுகிற இ.எல்.சி.பி. சுவிட்ச் ஒன்று சுவரில் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருப்பவள். கரண்டு அடித்து வந்தவர்களின் கருகிய உள்ளங்கைகளைத் துடைத்துக் கட்டுப் போட்டவள். இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்றே பிடிவாதமாக அதை மாட்ட வைத்தாள். அது விழவேயில்லை. சரி, பழுதாகியிருக்கும் என்று மெயினையும் இறக்கியாயிற்று. அப்புறமும் எங்கிருந்து வருகிறது?

டெஸ்டரை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். உயிரில்லாமல் நின்ற பிரிட்ஜின் மேல் டெஸ்டருக்குள் சிவப்பாக விளக்கு எரிந்தது.

மின்விசிறி நின்றுபோன அறையில் பங்குனி மாதத்துப் புழுக்கம் ஏறிக்கொண்டே வந்தது; தாயில்பட்டிப் பக்கமிருந்து அடித்த சாயங்காலக் காற்றில் பட்டாசு மருந்தின் நெடி லேசாகக் கலந்திருந்தது; தெருக்குழாயில் தண்ணீர் வந்த நாள் என்பதால் வரிசையிலிருந்த ஆறு வீடுகளிலும் குடம் இறக்குகிற சத்தமும் தரை கழுவுகிற சத்தமும் கேட்டுக்கொண்டேயிருந்தன; அத்தனைக்கும் அடியில், சுவருக்குள்ளிருந்து வருவதுபோல, ஓர் உறுமல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கடியோடு போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். மகளைத் தூக்கி மரக்கட்டிலில் உட்கார வைத்தாள்.

"ஜாஸ்பின், அம்மா வாற வரைக்கும் இறங்கக் கூடாது. என்ன?"

குழந்தை தலையாட்டியது. அதன் கால்கள் ஈரமாக இருந்தன.

ஆறு வீட்டுக்கும் முன்னால் நெடுக ஒரே இரும்புக் கிரில், வீட்டுக்கொரு கேட். வலிக்கிற கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, வீட்டுக்காரர் சிவபாண்டி இருக்கும் கடைசி வீட்டுக்கு நடந்தாள். போகப் போக அந்த உறுமல் பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கவாட்டு அறையில் பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகிற பெண்களுக்கு இட்லி மாவு விற்கிறவர் அவர். பனியனும் வேட்டியுமாக மாவை வழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எங்க வீட்ல மெயினை இறக்கியும் ஷாக்கடிக்குது."

"மெயினை இறக்கின வீட்ல கரண்டு எங்கிட்டு வரும்? ராத்திரி டூட்டி பாத்துட்டு வாறீக நர்சம்மா. கொஞ்சம் படுத்து எந்திரிங்க, சரியாப் போவும்."

அவளுக்குச் சுள்ளென்றது. ஷாக்கடிக்கிறது என்று வந்த எத்தனை பேரை இப்படியே சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்! அப்போதுதான் அவர் காலைப் பார்த்தாள். ஈரத் தரையில் ஒரு பலகை. அதன் மேல் நின்றுதான் அவர் மாவு வழித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இந்தப் பலகை?"

"தரையில நின்னா கிரைண்டரு லேசா இழுக்கும். பலகைல நின்னா ஒண்ணும் செய்யாது."

"இழுத்தா உங்க இ.எல்.சி.பி. விழணுமே?"

"அது சும்மா சும்மா விழுது. மாவு பாதியில நிக்குதா இல்லையா? அதான் குறுக்க ஒரு வயரைப் போட்டு விட்டுட்டேன்."

பெருமையாகச் சொன்னான் அந்தக் கூறுகெட்ட மனுஷன். காவலுக்கு இருந்ததன் கழுத்தைத் திருகிவிட்டு, தான் மட்டும் பலகை மேல் ஏறி நின்றுகொண்டான்!

"ஆறு வீட்டுக்கும் எர்த்துக் குழி ஒண்ணுதான?"

"ஒண்ணேதான்."

அவளுக்கு விளங்கிவிட்டது. இவருடைய கிரைண்டரில் கசிகிற கரண்டு எர்த்துக் கம்பி வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது. மழையைக் கண்டு மாதக்கணக்காகிவிட்ட மண் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வீட்டு மெயின், அவள் வீட்டு இ.எல்.சி.பி. எல்லாம் இ.பி. லைனில் வருவதைத்தான் நிறுத்தும். எர்த்துக் கம்பியில் வருவதை யார் நிறுத்துவது?

"இப்பவே அணைங்க!"

"ஆர்டர் மாவும்மா. அரை மணி நேரம் பொறுங்க." மெயின் போர்டுக்கு முன்னால் வந்து மறித்து நின்றார்.

ஷைலாவுக்குத் தலைக்கேறியது. இந்த ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்தினால்தான் புத்தி வரும். வாசலுக்குத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ராமுத்தாயக்கா! எல்லாரும் வெளிய வாங்க! இந்தாளு நம்மளை என்ன பண்ணி வச்சிருக்காருன்னு வந்து பாருங்க!"

"எதுக்கு இம்புட்டுக் கத்து கத்துதீக?" சிவபாண்டிக்கும் முகம் கறுத்தது. "குழி காஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியாதா? போன வாரந்தான் எர்த்துக் கம்பியை முன்னாடி கிரில்லோட சேத்துக் கட்டுனேன். அம்புட்டு இரும்பும் மண்ணுக்குள்ளதான நிக்குது?"

கிரில் நிற்பது மண்ணுக்குள் இல்லை. சிமெண்டுத் திண்டின் மேல்.

வெளியே கதவுகள் திறந்தன. வெறுங்கால்கள் ஈரத் தரையில் சளப் சளப்பென்று ஓடி வந்தன.

"என்ன நர்சம்மா, யாருக்கு என்ன..." பக்கத்து வீட்டு ராமுத்தாயின் குரல்.

கேட்டின் தாழ்ப்பாள் இழுபட்டது.

குரல் நின்றது.

அடுத்த வீட்டுத் தாழ்ப்பாள். அதற்கடுத்ததும்.

"கேட்டைத் தொடாதீங்க!"

கிரைண்டர் அவள் குரலை விழுங்கியது. யாரும் பதில் சொல்லவில்லை. குடம் வைக்கிற சத்தமில்லை. தண்ணீர் மட்டும் எங்கோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா..."

தூரத்தில். அவள் வீட்டு வாசலிலிருந்து.

சிவபாண்டியை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அவர் மாவுச் சட்டியோடு சரிந்தார். மெயினைப் பிடித்து இழுத்தாள்.

கிரைண்டர் முனகியது. கல் சுற்றிச் சுற்றி நின்றது.

பிறகு, ஒவ்வொரு கேட்டாக, பிடி விட்டவர்கள் விழும் சத்தம் கேட்டது. கனமாக. கனமாக. மறுபடியும் கனமாக.

கடைசியில் விழுந்தது மட்டும் லேசாகக் கேட்டது.