முப்பத்தெட்டுக் கைநாட்டு

தங்கப்பொண்ணுக்கு விரல் நுனிகள் எரிந்தன. கஞ்சியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் எரியத்தான் செய்யும். தை மாதம் தொடங்கிய செங்கல் அறுப்பில் மண்ணும் மணலும் தோலை அரைத்து எடுத்திருந்தன. இடது கையால் கஞ்சிச் சட்டியைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சூளைக்குக் கிளம்பினாள்.

காலை 6.05. தெருவுக்குப் பின்னால் ஜேசிபி உறுமியது.

சமயநல்லூர் தாண்டி இருக்கிறது செங்கரை நகராட்சி. அதன் ஏழாவது வார்டு சூளைமேடு. ஆண், பெண் எல்லோரும் செங்கல் அறுக்கிறவர்கள். தெருவுக்குப் பின்னால் பொட்டல், பொட்டலின் நடுவில் கிணறு. குடிக்க லாயக்கான தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான்.

"என்ன அண்ணே தோண்டுறீங்க?" பொட்டலுக்குப் போய்க் கேட்டாள் தங்கப்பொண்ணு.

"குப்பைக் கிடங்கும்மா. டவுன் குப்பை மொத்தமும் இனி இங்கதான். இன்னைக்கு மூணு மணிக்கு நகர்மன்றத்துல தீர்மானம். நாளையிலருந்து லோடு வரும்" என்றார் மேற்பார்வையாளர்.

"கிணத்தோரமா? யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான்." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். "போன மாசம் பதினொண்ணாந் தேதி, சாயங்காலம் அஞ்சு மணி, பகுதி சபைக் கூட்டம். முப்பத்தெட்டுப் பேர் வந்து சம்மதம்னு கைநாட்டு வச்சிருக்கீங்க. ராமக்காள், தங்கப்பொண்ணு, சோணையம்மாள், முத்துமீனா..."

"இருங்க, இருங்க. சோணையம்மாளா?" சத்தம் கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டு ராமக்காள் சிரித்தே விட்டாள். "அவ பேரையூர்ல மக வீட்டோட போயி ஆறு வருசமாச்சு. கைநாட்டு வைக்க அங்கருந்து பறந்து வந்தாளா?"

தங்கப்பொண்ணு சிரிக்கவில்லை. அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை. அஞ்சு மணிக்குச் சூளையில் கடைசி வரிசைக் கல் காயப் போடுகிற நேரம். ஆனால் சூளையில் வருகைப் பதிவு கிடையாது, கல் எண்ணிக்கைதான். எங்கே இருந்தோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

6.30. தம்பி சோலைக்குப் போன் போட்டாள். நகராட்சியில் எழுத்தர், தற்காலிகம். அவனும் பிளஸ் டூ வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கல் அறுத்தவன்தான். வேலை கிடைத்துப் பத்து வருஷமாக டவுனில் குடியிருக்கிறான்.

"அக்கா, பதறாத. ஆபீஸ்ல விசாரிச்சுச் சொல்றேன். நீ வேலைக்குப் போ."

"எப்படிடா போறது? மூணு மணிக்குத் தீர்மானம்ங்கிறான்."

"போக்கா நீ. நான் பாத்துக்கிறேன்."

அவள் போகவில்லை.

8.40. ரேஷன் கடை. விற்பனையாளர் பிலோமினாளுக்கு ஐம்பத்துமூன்று வயது. இருபத்தாறு வருஷமாக அதே கடை. எடை போடும் கையை நம்பாதவர்கள்கூட அவள் நினைவை நம்புவார்கள். ராமக்காள் ஒரு விரலை மெஷினில் வைத்து மூன்றாவது முறையாக அழுத்திக்கொண்டிருந்தாள். மெஷின் சிவப்பாக மினுக்கியது.

"ஏறாது ராமக்கா. கண்ணைக் காட்டு, கண்ணை." பிலோமினாள் கண் கருவியை நீட்டிக்கொண்டே தங்கப்பொண்ணு சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். மேற்பார்வையாளரிடமிருந்து அவள் வாங்கி வந்திருந்த நகலை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தாள்.

"முப்பத்தெட்டும் பொம்பளைங்க. ஒரு ஆம்பளகூட இல்ல. கவனிச்சியா?"

"எங்க தெரு ஆம்பளைங்க முக்காவாசி கையெழுத்துப் போடுவாங்களேக்கா."

"அதான். கையெழுத்தைப் பழைய தாள்ல ஒத்துப் பாத்துரலாம். கைநாட்டை எவன் பாப்பான்?" பேர்களின் மேல் விரலை ஓட்டினாள். "இது வோட்டர் லிஸ்ட் வரிசை இல்ல தங்கம். வீட்டு வரிசை. முத வீடு ராமக்கா, ரெண்டு நீ, மூணு சோணையம்மா. ஆனா சோணையம்மா கார்டை பேரையூருக்கு மாத்தி விட்டதே நான்தான். கீழக்குயில்குடியிலருந்து வந்து நாலு வருசமா அந்த வீட்ல இருக்கிற கனகா பேரு இதுல இல்ல."

"அதனால?"

"எழுதுனவனுக்கு உங்க தெரு மனப்பாடம். ஆனா பழைய தெரு."

கடையைச் சாத்தினாள். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"மத்தியானம் தாரேன்! அரிசி எங்கயும் ஓடாது, கிணறு ஓடிரும்!" கல்லாவுக்கு அடியிலிருந்து காக்கி அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

9.30. ஆட்டோ ஸ்டாண்டு. முத்திருளன் தன் ஆட்டோவின் மேலிருந்த ஒலிபெருக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நகராட்சி அறிவிப்பு எதுவானாலும் அவன் வண்டிதான்.

"சூளைமேட்டுக் கூட்டத்துக்கு அறிவிப்பு விட்டியாண்ணே?" என்றாள் தங்கப்பொண்ணு.

"விட்டேன்."

"பொய் சொல்லாத."

"இந்தா பாரு." போனை நீட்டினான். சூளைமேட்டுத் தெரு முனையில் ஆட்டோவோடு எடுத்த படம். அடியில் தேதி, இடம், நேரம் எல்லாம் பதிந்திருந்தது. போன மாதம் பத்தாம் தேதி, காலை 11.14.

"தெருவுல யாரு இருந்தா?" பிலோமினாள் கேட்டாள்.

"ரெண்டு கோழி. ஒரு நாய். அது என்னைப் பாத்துக் குலைச்சுச்சு."

"மனுசங்க?"

"பதினோரு மணிக்கு அங்க எவன் இருப்பான்? எல்லாம் சூளைக்குப் போயிருக்கும்."

"தெரிஞ்சுமா கத்துன?"

"எனக்குப் படம்தான்க்கா வேணும். படம் இருந்தாத்தான் பில்லு. கேட்டாங்களான்னு ஒருத்தரும் கேக்கல."

"நேரத்தைச் சொன்னது யாரு?"

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததுதான். கூட்டம் அஞ்சு மணிக்குன்னும் எழுதியிருந்துச்சு."

தங்கப்பொண்ணுக்கு அவன் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பிலோமினாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இவன் வெறும் வாய். எழுதுன கையைத் தேடுவோம், வா."

10.50. நகராட்சி அலுவலகம். வாசல் பலகையில் ஏழு வகை அறிவிப்புகள், கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி. கணினி முன்னால் தட்டச்சர் முகேஷ் உட்கார்ந்திருந்தான். மெலிந்த, சுத்தமான விரல்கள்.

"கூட்ட அறிவிப்பா? வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டோமேம்மா" என்றான் தங்கப்பொண்ணிடம், திரும்பாமல்.

"அதுல நாங்க பதில் போட முடியாதுல்ல. நீங்க மட்டும்தான பேசுவீங்க."

"பதில் போட விட்டா எல்லாரும் குட் மார்னிங் போடுவீங்க."

"கூட்டத்து அறிக்கையை டைப் பண்ணுனது நீயா?" பிலோமினாள் குறுக்கே கேட்டாள்.

"என் டேபிளுக்குக் கையெழுத்துப் பிரதியா வரும். அடிப்பேன். அம்புட்டுத்தான். பதிவேடு கமிஷனர் ரூம்ல, மூணு மணிக் கூட்டத்துக்கு."

சோலை உள்ளேயிருந்து வேகமாக வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவன் இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பிலோமினாள் தம்ளரை வாங்கினாள்.

"அக்கா, நான் சொன்னேன்ல, வீட்டுக்குப் போன்னு. மனு எழுதிக் குடு, அடுத்த மாசம் பாப்போம்."

"அடுத்த மாசம் கிணத்துக்குள்ள குப்பை கிடக்கும்டா."

"இவங்களை எதுக்குக் கூட்டியாந்த?"

"ரேசன் கடைக்காரிக்கு ஆபீஸ்ல என்ன வேலைன்னு கேளேன் நேரா" என்றாள் பிலோமினாள். தண்ணீரைக் குடித்து முடித்தாள். "கமிஷனர் எப்ப வருவார் தம்பி?"

"சைட்டுக்குப் போயிருக்கார். ரெண்டரை ஆகும்."

இரண்டு பேரும் மரப்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தங்கப்பொண்ணு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு. ஒன்று. வெளியே நகராட்சிக் குப்பை லாரி ஒன்று என்ஜினை அணைக்காமல் நின்றது. அதன் நாற்றம் உள்ளே வரைக்கும் வந்தது. ஒரு மணிக்கு மேல் ராமக்காளும் வந்து சேர்ந்தாள், சூளை மண் காயாத கையோடு.

2.38. ஆணையர் பீமாராவ் வந்தார். இருபத்திரண்டு நிமிஷம்தான் இருந்தது.

"சார், பதிவேட்டை ஒரு தடவை காட்டுங்க. எங்க பேரு இருக்கு, பாக்க எங்களுக்கு உரிமை இருக்கு" என்றாள் பிலோமினாள்.

ஆணையர் யோசித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து மேஜையில் வைத்தார். நீல மையில் முப்பத்தெட்டு ரேகைகள். பிலோமினாள் குனிந்தாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைய எண்ணினாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

"அழகா இருக்கு சார். கோலம் போட்ட மாதிரி, ஒவ்வொரு கோடும் தனித்தனியாத் தெரியுது."

"அதுக்கு என்னம்மா?"

"அதான் தப்பு. ஒரு வெள்ளைத் தாளும் மை டப்பாவும் குடுங்க. தங்கம், இடது கட்டைவிரல். ராமக்கா, நீயும்."

இருவரும் அழுத்தினார்கள். தாளில் இரண்டு நீலப் பொட்டு. அவ்வளவுதான். ஒரு கோடு கிடையாது, ஒரு சுழி கிடையாது.

 சோலை கதவருகில் நின்றான்.

"தை மாசத்துலருந்து ஆனி வரைக்கும் மண்ணுல தேய்க்கிற விரலு சார். ரேகை இருக்காது." பிலோமினாள் பையிலிருந்து காக்கி நோட்டை எடுத்தாள். "மெஷின்ல விரல் ஏறாதவங்களை நான் தனியா எழுதி வைக்கிறேன். சூளைமேட்டுப் பொம்பளைங்க ஒருத்தி பாக்கியில்ல. போன மாசமும் அப்படித்தான், கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குனாங்க. என் மெஷின்ல வராத ரேகை உங்க நோட்டுல எப்படி வந்துச்சு?"

பீமாராவ் பதிவேட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா மண்ணுல கை வைக்காத யாரோ. ஆபீஸ் கை."

"முகேஷ்தான்!" என்றாள் ராமக்காள்.

"இல்ல. நாலாவது ரேகையைப் பாருங்க சார். குறுக்கே சாய்வா ஒரு வெள்ளைக் கோடு. பதினாலாவதுலயும் அதே கோடு. இருபத்துநாலு, முப்பத்துநாலு. பத்து விரலையும் வரிசையா மாத்தி மாத்தி வச்சிருக்கு. அந்த ஒரு விரல்ல மட்டும் ஆழமான தழும்பு. கல் அறுக்கிற அச்சு இரும்பு. வழுக்குனா கட்டைவிரலை நகத்தோட பிளக்கும். முகேஷ் அந்த அச்சைக் கண்ணால பாத்திருக்க மாட்டான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "சூளையை விட்டு வந்தா ரேகை திரும்ப வளர்ந்துரும் சார். தழும்பு போகாது. ஒரு காலத்துல கல் அறுத்தவன். விட்டுப் பல வருசம் ஆனவன். சோணையம்மா மூணாவது வீட்ல இருந்தப்ப தெருவுல இருந்தவன், கனகா வந்தது தெரியாதவன். அப்படி இந்த ஆபீஸ்ல ஒருத்தர்தான். காலையில எனக்குத் தண்ணி குடுத்த கை."

தங்கப்பொண்ணு திரும்பவில்லை. மேஜையில் இருந்த நீலப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டே. கையைக் காட்டு."

சோலை காட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"லிஸ்ட் எடுக்க நேரமில்லக்கா. மனசுல இருந்த பேரை எழுதுனேன்" என்றான்.  "அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏழாவது வார்டு அறிக்கை வேணும்னு குரூப்ல மெசேஜ். இல்லாட்டி பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு போகாதுன்னாங்க. எல்லா வார்டுலயும் இப்படித்தான் நடக்குது."

"மெசேஜ் போட்டது யாரு?" பிலோமினாள் ஆணையரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"என் விரலு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதாடா?" தங்கப்பொண்ணு இப்போதுதான் திரும்பினாள். "உனக்குச் சோறு ஊட்டுன கைடா."

"மறந்து போச்சுக்கா."

"சரி. எங்ககிட்ட வந்து கேட்டிருந்தா என்ன சொல்லிருப்போம்?"

"வேணாம்னு சொல்லிருப்பீங்க."

"அப்ப, அது தெரிஞ்சுதான் கேக்கல."



2.56. பீமாராவ் நகர்மன்றப் பொருள் பட்டியலை எடுத்து, குப்பைக் கிடங்குத் தீர்மானம் இருந்த ஒன்பதாம் வரியைச் சிவப்பு மையில் அடித்தார். ஜேசிபியை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். பதிவேட்டை உறையில் போட்டு ஒட்டினார். "சோலை, நீங்க வெளிய இருங்க. விளக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "கிடங்குக்கு வேற இடம் பாக்குறோம். கூட்டமும் முறையா நடத்துறோம்மா. அடுத்த வாரம் அறிவிப்பு விடச் சொல்றேன்."

"எத்தனை மணிக்குச் சார் விடுவாங்க?" என்றாள் தங்கப்பொண்ணு.

"வழக்கமா காலையில ஒரு பதினோரு..." அவர் பாதியில் நிறுத்தினார்.

ராமக்காள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தங்கப்பொண்ணு விரலில் இருந்த மையைச் சேலை முந்தியில் துடைத்தாள். வழுவழுப்பான விரலில் மை ஒட்டவே இல்லை, ஒரே இழுப்பில் போய்விட்டது. கதவருகில் நின்ற தம்பியைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை. வாசலில் மட்டும் திரும்பி ஆணையரிடம் சொன்னாள்:

"சாயங்காலம் ஏழு மணிக்கு சார். நாங்க கை கழுவுன பெறகு. எங்க தெருவுக்கு நீங்க ஒரு கூட்டம் பாக்கி."