மூக்கு வரை வந்த முகம்

"என் செத்துப்போன பொண்டாட்டி மூஞ்சியை வெச்சு விளையாடுறியாடா?"

முதலாளியின் குரல் கதவைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, கீழே பூட்டுக் கடை வரைக்கும் போயிற்று. கடைக்காரர் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுக் காதை மேலே அனுப்பினார்.

"சார், நான் ஒண்ணுமே பண்ணல."

"பண்ணாமலா அவ படத்தைத் திறந்தா மட்டும் சைட் படுத்துடுது? மத்தவங்க எல்லாரும் சமத்தா இருக்காங்களே!"

மத்தவர்கள் என்றால் காலமானவர்கள். அவர்கள் படத்தைப் போட்டு, உறவினர்கள் நாலு வரி எழுதி அழுதுகொள்வதற்கான இணையதளம் அது. முதல் மனைவி இறந்த துக்கத்தில் தொடங்கியதுதான் முதலாளிக்குத் தொழிலாகிப் போனது. அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட மாதத்திலிருந்து பிடித்தது சனியன். முதல் மனைவியின் படம் திறக்கப்படும்போது சர்வரின் மெமரி நிரம்பி, தளம் மொத்தமும் மூச்சை விட்டுவிடுகிறது. 'அவளுக்குப் பொறுக்கலை' என்று முதலில் சொன்னது யாரென்று தெரியாது. இரண்டாவதாகச் சொல்லாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

முதலாளிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அவருக்கு ஆள் வேண்டும். ஆள், தளத்தைக் கட்டிய மூக்குக்கண்ணாடிக்காரன். முதலாளியின் தங்கையைக் கட்டிக்கொள்ள நாள் குறித்திருந்தவன்.

"போட்டிக் கம்பெனிக்காரன் கிட்ட விலை போயிட்ட. வேலையும் கிடையாது, கல்யாணமும் கிடையாது. இறங்கு கீழே!"

"அண்ணா, கொஞ்சம் பொறு," என்றாள் தங்கை. "நான் ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன்."

வந்தவளை கம்ப்யூட்டர் தொழிலில் 'ஆமை' என்பார்கள். சர்வர் கோளாறு பார்ப்பதில் அவளுக்கு அவசரம் என்பதே தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவர் போல உதவிக்குப் புருஷன் 'பட்டாசு'.

"கேஸ் முடிஞ்சுது. மாப்பிள்ளைதான்," என்றார் பட்டாசு, வாசலிலேயே.

"என்னங்க, நாம இன்னும் உட்காரக்கூட இல்ல."

படியில் டப் டப் என்று செருப்புச் சத்தம். முதலாளியின் இரண்டாம் மனைவி காப்பியோடு வந்தாள். அந்த மெலிந்த உடம்புக்கு அவ்வளவு சத்தம் எப்படி என்று ஆமை ஒரு கணம் பார்த்தாள். முதலாளி கையிலிருந்த போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"எந்தக் கிழமை கூட்டம் அதிகம்?" என்று ஆமை கண்ணாடிக்காரனைக் கேட்டாள்.

"ஞாயிறு, மேடம். ஆபீஸ் லீவு. அன்னிக்குத்தான் ஊர்ப்பட்ட பேர் பார்ப்பாங்க."

"அன்னிக்கு எப்பவாவது விழுந்திருக்கா?"

அவன் யோசித்தான். "இல்லையே."

படங்களெல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே இருந்தன. யாராவது கேட்டால், சர்வர் முழுப் படத்தையும் எடுத்து மெமரியில் வைத்துக்கொண்டு, அனுப்பி முடித்ததும் துடைத்துவிடும். வாடிக்கையாளர்கள் போடும் படங்களைத் தளமே சுருக்கிக்கொள்ளும். முதல் மனைவியின் படம் அந்த ஏற்பாட்டுக்கு முன்பே ஏறியது. கேமராவில் எடுத்தபடியே, மலைபோல் கிடந்தது.

ஆமை அதைத் திறந்து முழுசாக வரும்வரை காத்திருந்தாள். மெமரி ஏறியது, இறங்கியது. மறுபடியும். மறுபடியும். பட்டாசுக்குப் பொறுமை போயிற்று. தன் போனில் திறந்தார். முகம் மேலிருந்து கீழாக மெல்ல வந்தது. நெற்றி, கண், மூக்கு. "எழவு, வாய் வர்றதுக்குள்ள விடிஞ்சிடும்," என்று பாதியில் மூடினார்.

ஏறிய மெமரி இறங்கவில்லை.

"இன்னொரு தடவை திறந்து பாதியில மூடுங்க," என்றாள் ஆமை. முதல் தடவையாக அவள் குரலில் அவசரம்.

மறுநாள் எல்லோரையும் முதலாளியின் அறையில் உட்காரவைத்தாள்.

"தப்பு கண்ணாடித் தம்பியோடதுதான். படம் முழுசாப் போய்ச் சேர்ந்தாத்தான் மெமரியைத் துடைக்கணும்னு எழுதியிருக்காரு. பார்க்குறவங்க பாதியில போயிட்டா துடைக்கிறதே இல்ல. சின்னப் படம்னா தெரியாது. இந்தப் படம் பத்து தடவை பாதியில நின்னா போதும், மெமரி நிரம்பிடும். இது கவனக்குறைவு, துரோகம் இல்ல. சரி பண்ணியாச்சு. இதோட விட்டுடலாம், சார்."

"விடுறதா? பாதியில மூடினவன் யாரு? வேணும்னே பண்ணியிருக்கான். போலீஸுக்குப் போவேன். சொல்லுங்க!"

"வேண்டாம், சார்."

"சொல்லுங்கம்மா!"

ஆமை பெருமூச்சு விட்டாள். "கெடுக்கணும்னு நினைக்கிறவனுக்குக் கிழமை எதுக்கு? லீவு நாள்ல விழல. அதனால இந்த ஆபீஸ் ஆள். அந்த ஒரு முகத்தைத்தான் திறக்குறாரு. அதனால பார்க்க ஆசைப்படுற ஆள். ஆனா முழுசாப் பார்க்குறதில்ல, யாரோ வர்ற சத்தம் கேட்டு மூடிடுறாரு. ரெண்டாம் கல்யாணத்துக்கு முன்னாடி மூட வேண்டிய அவசியம் வரல. அதனால சைட்டும் விழல."

முதலாளி யாரையும் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள் இரண்டாம் மனைவி, சாதாரணமாக. "அதனாலதான் படியிலேயே செருப்பைத் தட்டிக்கிட்டு வருவேன். இவருக்கு மூட நேரம் கிடைக்கட்டும்னு."

"நீ... எப்ப இருந்து?"

"வந்த நாள்ல இருந்து. நான் சத்தமில்லாம நடக்குறவ, எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க."

கண்ணாடிக்காரனுக்கும் தங்கைக்கும் குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. முதலாளி முன்னால் நின்று நடத்தினார். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாரா என்றால் இல்லை. ஒரு வாரத்தில் அந்த ஜோடி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் மனைவி மழைக்காலம் முடிந்ததும் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. பெட்டியை முதலாளியே தூக்கிக்கொண்டு போய் ரயிலில் ஏற்றினார். வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடினார் என்று பூட்டுக் கடைக்காரர் சொல்கிறார். அவள் இன்னும் திரும்பி வரவில்லை.