பேய் மாளிகை ரசிகர் மன்றத்தின் நன்றியுரை

பதினோரு கடிதங்களுக்கு வாய் திறக்காத பூங்கா நிர்வாகம் பன்னிரண்டாவது கடிதத்துக்கு மட்டும் பதில் அனுப்பியிருந்தது. விசாலத்துக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை. பன்னிரண்டாவது கடிதத்தை அவள் இன்னும் தபாலில் சேர்க்கவே இல்லை. தபால்தலை ஒட்டிய உறை, நான்கு நாளாக அவள் கைப்பையிலேயே கிடந்தது.

பதில் தமிழில் இருந்தது. ஸ்ரீ பூலான் கேளிக்கைப் பூங்காவின் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால்தான் அவள் எல்லாக் கடிதங்களையும் மலாயில் தட்டச்சு செய்தாள். காகிதம் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். நனைந்த சுண்ணாம்பும், தீய்ந்த வயரும், வாடி மூன்று நாளான மல்லிகையும் கலந்த வாடை. பூங்காவின் பேய் மாளிகைக்குள் குட்டி ரயில் முதல் வளைவில் திரும்பும்போது குப்பென்று முகத்தில் அடிக்குமே, அதே வாடை.

அவள் கணவர் கார்த்திகேசு வாடையை எல்லாம் கவனிக்கவில்லை. முதல் வரியை மூன்று முறை வாசித்தார்.

"பாத்தியா விசாலம்? 'மாண்புமிகு மன்றத் தலைவர் அவர்களுக்கு'. மாண்புமிகுன்னு போட்டிருக்கான்."

கார்த்திகேசு நான்கு சங்கங்களில் தலைவர் பதவிக்கு நின்று நான்கிலும் தோற்றவர். நான்காவது தோல்வி வாக்கு எண்ணிக்கை முடிவதற்குள்ளேயே அவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. அதே வருஷம் ஸ்ரீ பூலானில் பேய் மாளிகையை மூடினார்கள். படுக்கையில் இருந்தபடியே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். முருகனுக்கும் மொழிக்கும் மன்றம் வைத்து ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூடிய பேய் மாளிகைக்கு மன்றம் வைக்க எவனும் போட்டிக்கு வரமாட்டான். அப்படிப் பிறந்ததுதான் அகில மலேசியப் பேய் மாளிகை ரசிகர் மன்றம். உறுப்பினர் நான்கு பேர், பதவிகள் ஒன்பது. விசாலத்தைக் கேட்காமலேயே, பூங்காவுக்குக் கடிதம் எழுதும் செயலாளராகப் போட்டிருந்தார். அவளும் மறுக்கவில்லை. டாக்டர் சொன்னது அவள் காதில் இருந்தது: இன்னொரு முறை தாங்காது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸில், கறிச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டில், அவசரக் கூட்டம். வெளியே சுமத்ராவிலிருந்து வந்த புகை மூட்டம் தெருவை நிரப்பியிருந்தது. தொண்ணூற்றேழாம் வருஷத்துச் செப்டம்பர் முழுக்க ஊர் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தி, மீன் தலைக் கறி வாசத்துக்கு நடுவே, மூடிய பேய் மாளிகையின் இடத்தில் என்ன வரப்போகிறது என்ற தேசியப் பிரச்சினையை நால்வரும் எடுத்துக்கொண்டார்கள்.

"ரோலர் கோஸ்டர்தான் வருது தலைவரே," என்றார் துணைத் தலைவர் நாகையா. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். "போர்ட்ல பெரிய பெரிய இரும்பு இறங்கியிருக்கு. கண்ணால பாத்தேன்லா."

"நீ பாத்தது கிரேனுக்கு வந்த இரும்பு," என்றார் நல்லம்மாள். ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்றத்தின் ஆலோசகர். "தண்ணிச் சறுக்குதான் வரும். என் பழைய மாணவி அங்க டிக்கெட் கவுண்டர்ல இருக்கா."

"அவ சொன்னாளா டீச்சர்?"

"சொல்லல. கேட்டேன், சிரிச்சா."

"சிரிச்சதுக்கும் தண்ணிக்கும் என்னா டீச்சர் சம்பந்தம்?"

"எது வேணாலும் வரட்டும்," என்று கார்த்திகேசு கையை உயர்த்தினார். "தெறப்பு விழாவுல நம்ம மன்றம் மேடையில உக்காரணும். அதான் கொள்கை. கடுதாசில என்னா போட்டிருக்கான் பாருங்க. 'புதிய அங்கத்தின் வெள்ளோட்டத்துக்குப் பொறுப்பாளர்கள் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வருகை தந்து மேடையை அலங்கரிக்குமாறு...' அலங்கரிக்குமாறு!"

விசாலம் மெதுவாகச் சொன்னாள். "இந்த லெட்டர நான் இன்னும் போஸ்ட் பண்ணவே இல்லங்க."

கார்த்திகேசு கடிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போட்டிருப்ப, மறந்திருப்ப."

"பையில இருக்கு. இந்தாங்க."

"அது காப்பியா இருக்கும்," என்று கார்த்திகேசு தீர்ப்புச் சொன்னார். விசாலத்தை நம்பினால் மேடை போய்விடும். எனவே மூவரும் அவளை நம்பாமல் இருப்பதென்று ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

சனிக்கிழமை நாகையாவின் பழைய வேனில் போனார்கள். மூன்று மணிக்கே எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டிருந்தன. சூரியன் ஊறுகாய் ஜாடியின் அடியில் கிடக்கும் எலுமிச்சைத் துண்டு மாதிரி மங்கிக் கிடந்தது. விசாலம் மனத்துக்குள் ஒன்றையே உருப்போட்டுக்கொண்டு வந்தாள்: கூட்டிக்கொண்டு போகிறேன், கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

பூங்காவின் வாசல் திறந்து கிடந்தது. காவலர் இல்லை. டிக்கெட் கூண்டில் மேசைவிசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பாதி குடித்த தே ஐஸ், தேநீரில் போட்ட ஐஸ் இன்னும் கரையவில்லை, ஆனால் நாற்காலியில் ஆள் இல்லை. புகைக்குள் எங்கேயோ ராட்டினத்தின் சங்கிலி கிறீச்சென்று அசைந்து, யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றது. செருப்புச் சத்தம்கூட அந்தப் புகையில் அமுங்கி, தாங்கள் நடப்பதே வேறு யாரோ பின்னால் நடப்பதுபோல் கேட்டது. ஒருமுறை விசாலம் திரும்பிப் பார்த்தாள். புகைதான்.

பேய் மாளிகையின் பலகையைக் கழற்றியிருந்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஒட்டுப்பலகைக் கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. புதுப் பெயிண்ட் வாசம். அதற்குக் கீழே அந்தப் பழைய வாடை.

"எனக்கு என்னமோ புடிக்கல," என்றார் நல்லம்மாள், சேலைத் தலைப்பால் மூக்கை மூடி. "வாங்க, திங்கக்கெழம போன் போட்டுக் கேட்டுக்கலாம்."

விசாலத்துக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அப்போது உள்ளே ஒலிவாங்கியை யாரோ விரலால் தட்டினார்கள். டொக். டொக்.

"மன்றத்தின் துணைத் தலைவர், சாலைகளின் சக்கரவர்த்தி, திரு. நாகையா அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

ஆண் குரல். வழவழப்பான குரல். எல்லா விழாவிலும் கேட்கிற குரல்தான், ஆனால் அதில் மூச்சு வாங்கும் இடமே இல்லை.

விழாவில் ஒலிபெருக்கி பெயர் சொல்லிக் கூப்பிட்டபின் உட்கார்ந்திருந்த தமிழன் இந்த நாட்டில் இல்லை. பந்தியில் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவாமல் ஓடியவர்கள் உண்டு. நாகையாவின் முகம் மலர்ந்தது. "நம்ம பேரச் சொல்றாங்கலா!" என்று புகைக்குப் போட்டிருந்த முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் திணித்து, இடுப்பைச் சொறிந்தபடி உள்ளே போனார். கைதட்டல் எழுந்தது. ஒரே சீரான கைதட்டல். கட்டையும் கட்டையும் மோதுகிற ஓசை. தட்டிய எல்லாரும் ஒரே தட்டில் நிறுத்தினார்கள்.

"மன்றத்தின் ஆலோசகர், கல்விச் செம்மல், திருமதி நல்லம்மாள் அவர்களை..."

வேன் பக்கம் திரும்பியிருந்த நல்லம்மாள் நின்றார். முப்பது வருஷம் பாடம் நடத்தி ஒரு பொன்னாடை பார்க்காதவர். தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தார். கொசுவத்தைச் சரி செய்தார்.

"டீச்சர், போவாதீங்க."

"செம்மல்னு சொன்னாங்க விசாலம்," என்றார், கண் கலங்க. கதவு அவரை விழுங்கியது. கைதட்டல். நிறுத்தம்.

அப்புறம் ஒன்றும் இல்லை. உள்ளே போன இருவரின் இருமல்கூட இல்லை. அந்த மாதம் இருமாத மனிதர் யார்?

"தலைவரக் கடைசியிலதான் கூப்புடுவாங்க," என்றார் கார்த்திகேசு. குரலில் லேசாக மனத்தாங்கல். "மரபு."

"என்னங்க. நாகையாண்ணே சும்மா இருக்கற ஆளா? ஒரு சத்தமும் கேக்கல பாருங்க."

"மேடையில சத்தம் போடுவாங்களா?"

அவள் அவர் பூப்போட்ட பாத்தேக் சட்டையின் கையை இறுகப் பிடித்தாள். "வீட்டுக்குப் போயிரலாம். நான் கூப்புடுறேன் உங்கள தலைவரேன்னு. தெனமும் கூப்புடுறேன். காப்பி குடுக்கும்போது கூப்புடுறேன். வாங்க."

கார்த்திகேசு அவளைப் பார்த்தார். அவர் கை அவள் கைமேல் வந்தது. கால்கூட வேன் பக்கம் ஓரடி நகர்ந்தது. அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

டொக். டொக்.

"நான்கு சங்கங்களின் தலைவர். நான்கிலும் போட்டியின்றித் தேர்வு பெற்றவர்."

அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இதயத்தால் ஆண்டவர். மாண்புமிகு கார்த்திகேசு அவர்களே. எழுந்து வருக."

சட்டைத் துணி அவள் விரலிலிருந்து நழுவியது. அவ்வளவுதான். பின்னால் ஓடிக் கதவைத் தொடுவதற்குள் கைதட்டல் முடிந்திருந்தது.

எவ்வளவு நேரம் வெளியே நின்றாளோ தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தாள். குரலைப் புகை தின்றது. ஓடிப் போய் ஆள் கூட்டி வரலாம். ஆனால் அவர் நெஞ்சு? அவர் மாத்திரை அவளிடம் அல்லவா இருக்கிறது?

கதவைத் தள்ளினாள்.

உள்ளே மேடை. மேடையில் மட்டும் வெளிச்சம். கீழே இருட்டில் நாற்காலி வரிசை, அவற்றில் உட்கார்ந்த தலைகள். மேடையில் மூன்று பேர், தோளில் பொன்னாடை, முழங்கால்மேல் கை. மூவரும் சிரித்தபடி. மூவரும் நேராகப் பார்த்தபடி.

"என்னங்க."

கார்த்திகேசு திரும்பவில்லை. நெற்றி பளபளத்தது. வியர்வை என்று நினைத்துப் படியேறிப் போய்த் துடைத்தாள். பிசுபிசுத்தது. விரலில் மாநிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. தொட்ட இடத்தில், அடியில், வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை.

கண்கள் மட்டும் அசைந்தன. மெல்ல. அவளை நோக்கி.

உயிர் இருக்கிறது. உள்ளே இருக்கிறார்.

"நிறைவாக," என்றது குரல், அவள் காதோரம், மூச்சுக்காற்றே இல்லாமல், "நன்றியுரை ஆற்ற, செயலாளர் திருமதி விசாலம் அவர்கள்."

அவளுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. கார்த்திகேசுவோடு எத்தனை விழாக்கள் பார்த்திருக்கிறாள். நன்றியுரை முடியாமல் ஒருவரும் எழ முடியாது. நன்றியுரை முடிந்தால் விழா முடிந்தது. விழா முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். இதை முடித்துவைக்க அவள் ஒருத்தியால்தான் முடியும்.

ஒலிவாங்கியின் முன் நின்றாள். கைகூப்பினாள்.

"வந்திருந்த எல்லாருக்கும் நன்றி. மேடை தந்தவங்களுக்கு நன்றி. பொன்னாட போட்டவங்களுக்கு நன்றி." யாரையும் விட்டுவிடக் கூடாது. விட்டுவிட்டால் மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். "மைக் செட்டுக்கு நன்றி. கை தட்டினவங்களுக்கு நன்றி. இத்துடன் இந்த நிகழ்ச்சி இனிதே நிறைவு பெறுகிறது. எல்லாரும்... எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

நாற்காலிகள் நகர்ந்தன.

கீழே. மேடையில் அல்ல. கீழே.

எழுந்தார்கள். வரிசையாக வெளிச்சத்துக்கு வந்தார்கள். ரசிகர் மன்றத்துச் செயலாளருக்குத் தெரியாத முகங்களா? பேய் மாளிகையின் பழைய பொம்மைகள். இரண்டாம் வளைவில் கயிற்றில் தொங்கிய தூக்குக்காரன். கிணற்றடிக் கிழவி. பெட்டிக்குள் எழுந்து உட்காரும் வியாபாரி. மூன்றாம் வளைவில் இருபது வருஷம் நின்ற மணப்பெண். முதல் அடியில் முழங்கால் மடங்கவில்லை. இரண்டாவது அடியில் மடங்கியது. கதவை நெருங்கும்போது தூக்குக்காரன் நாகையாவைப் போலவே இடுப்பைச் சொறிந்துகொண்டான். கிழவி கொசுவத்தைச் சரி செய்தாள். வியாபாரி நெஞ்சைத் தடவிக்கொண்டு இருமினான்.

விசாலம் ஓட நினைத்தாள். கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மணப்பெண் மட்டும் மேடையேறி வந்தாள். அருகில் நின்றாள். விசாலத்தின் உயரம்தான். அவள் தோளிலிருந்து கைப்பையை, தூங்கும் பிள்ளையிடமிருந்து எடுப்பதுபோல் மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"விசாலம், நேரமாச்சும்மா," வெளியிலிருந்து கார்த்திகேசுவின் குரல். "மாத்தர போடணும்."

"இதோ வரேங்க," என்றாள் மணப்பெண், விசாலத்தின் குரலில்.

வேன் கிளம்பும் சத்தம். கதவை அவர்கள் சாத்தவில்லை. வெளியே இருந்து புகை தரையோடு தவழ்ந்து உள்ளே வந்தது. எங்கோ எரிந்த காட்டின் சாம்பல் துணுக்கு ஒன்று, கொசுவின் இறகு அளவுதான், மேடை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றி இறங்கி, கைகூப்பி நின்றவளின் திறந்த கண்மணியின் மேல் உட்கார்ந்தது.

இமை மூடவில்லை. இன்னொன்று இறங்கியது.